கேட்டில் பேச்சு கிடையாது

மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்குப் போகும் ரோட்டில் ஷரீஃபுன்னிசா ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். அதில் இரண்டு சட்டங்கள் இருந்தன. இரண்டும் அவள் போட்டவை. ஒன்று, திங்கட்கிழமைதோறும் ஆயாக்கள் இடம் மாற வேண்டும். தொட்டில் அறையில் இருந்தவள் நடக்கிற பிள்ளைகளிடம் போவாள். அங்கே இருந்தவள் சமையலுக்குப் போவாள். சமையலில் இருந்தவள் தொட்டிலுக்கு வருவாள். இரண்டாவது, பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாயிடமோ கூட்டிப்போக வரும் தாயிடமோ ஆயாக்கள் வாய் திறக்கக் கூடாது. எது சொல்ல வேண்டுமானாலும் ஷரீஃபுன்னிசாவிடம் சொல்ல வேண்டும். தாயிடம் அவள் சொல்லிக்கொள்வாள். "கேட்டில் பேச்சு கிடையாது" என்பாள்.

இந்தப் புத்தி அவளுக்குக் கம்பெனியில் வந்தது. காப்பகம் தொடங்கும் முன் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மின்சாரச் சாமான்களுக்கு உதிரி பூட்டும் வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அங்கே சூப்பர்வைசர் பெண்களை வாராவாரம் இடம் மாற்றிக்கொண்டே இருப்பான். ஒருத்தி ஒரே நாற்காலியில் நிலைத்துவிட்டால் அந்த வேலை தன்னுடையது என்று நினைப்பாள், அவள் லீவு போட்டால் வரிசை நின்றுவிடும், பிறகு அவளை எதுவும் கேட்க முடியாது என்பது அவன் கணக்கு. வரிசையில் இருந்தபோது ஷரீஃபுன்னிசா அவனைத் திட்டியிருக்கிறாள். நாலு பேருக்கு முதலாளியான பிறகு அவன் சொன்னது சரி என்று பட்டது.

சரி என்று படக் காரணம் பேகம். காப்பகத்தின் முதல் ஆயா, தூரத்துச் சொந்தமும்கூட. பிள்ளைகள் அவள் இடுப்பை விட்டு இறங்காது. தாய்மார்கள் அவளிடம்தான் பேசுவார்கள். ஒரு நாள் பேகம் நின்றுகொண்டாள். அடுத்த மாதம் ராயக்கோட்டை ரோட்டில் தன் வீட்டிலேயே பிள்ளை பார்க்கத் தொடங்கினாள். பாதிப் பிள்ளைகள் அவள் பின்னால் போய்விட்டன. ஷரீஃபுன்னிசா காலித் தொட்டில்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சட்டம் போட்டாள்.

எண்பதுகளின் கடைசி அது. வருஷத்துக்கு வருஷம் புதுக் கம்பெனிகள் வந்தன. தெற்கிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து இறங்கினார்கள். மத்திகிரியில் மாட்டுக் கொட்டகை போல நீளமாகக் கட்டி, குறுக்கே சுவர் வைத்து வீடு என்று வாடகைக்கு விட்டார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? காப்பகம் மறுபடி நிறைந்தது. பாகலூர் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனி, உள்ளேயே பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம் கட்டி, நடத்த ஆள் தேடிக்கொண்டிருந்தது. அந்த வேலையை வாங்கிவிட வேண்டும் என்று ஷரீஃபுன்னிசா அலைந்தாள்.

அப்போது மூன்று ஆயாக்கள் இருந்தார்கள். செல்லியும் முனிலட்சுமியும் உள்ளூர். எந்த மொழிப் பிள்ளை அழுதாலும் முனிலட்சுமி தெலுங்கில்தான் சமாதானம் சொல்வாள். மூன்றாவது இருளாயி. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அதிகம் பேச மாட்டாள். பேசினால் நேராகப் பேசுவாள்.

இருளாயி தொட்டில் அறையில் இருந்த வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம், அடுப்படிக்கு வந்து நின்றாள். ஷரீஃபுன்னிசா புடவை மாற்றிக்கொண்டு பாகலூர் ரோட்டுக் கம்பெனிக்குப் புறப்படுகிற அவசரத்தில் இருந்தாள்.

"அக்கா, சோலை கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குறான்."

"எந்தச் சோலை?"

"ஜெயமணி மகன் சோலைமலை. காதுகிட்ட டம்ளரைப் போட்டேன். திரும்பல. ஓயாமக் காதைப் பிடிச்சு இழுக்குறான். உள்ள என்னமோ இருக்கு."

"சளியா இருக்கும். புள்ளைங்கன்னா காதை இழுக்கத்தான் செய்யும்."

"எனக்கு அப்படித் தோணல. ஜெயமணி எங்க வரிசை வீட்டுலதான் இருக்கா. ராத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லிப்புடவா?"

"இருளாயி, இங்க சட்டம் என்ன?"

"உங்ககிட்டச் சொல்லணும்."

"சொல்லிட்டேல்ல? விடு. நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் ஜெயமணி வந்தாள். ஒரு குச்சி உடம்பு, கையில் டிபன் தூக்கு, கண்ணில் தூக்கம். ஷரீஃபுன்னிசாவுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் புதிதாகப் பிள்ளை சேர்க்க வந்த இரண்டு பெண்கள் பக்கத்தில் நின்று தொட்டில்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு தாயிடம் உன் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாளும் யாரோ நின்றார்கள். அதற்கடுத்த நாள் ஞாயிறு. அப்புறம் அது மறந்துபோயிற்று. மறந்தாள் என்பது பாதி உண்மை. சொன்னால் ஜெயமணி பிள்ளையை நிறுத்திவிடுவாள், ஏன் நிறுத்தினாள் என்று மற்றவர்கள் கேட்பார்கள் என்ற யோசனையும் அந்த மறதிக்குள் இருந்தது.

திங்கட்கிழமை இருளாயி நடக்கிற பிள்ளைகளிடம் போனாள். போகும்போது கேட்டாள்.

"ஜெயமணிகிட்டச் சொல்லிட்டீகளாக்கா?"

"ம்" என்றாள் ஷரீஃபுன்னிசா.

தொட்டிலுக்கு முனிலட்சுமி வந்தாள். அவளுக்குச் சோலையை ரொம்பப் பிடித்துவிட்டது. "தங்கம் இந்தப் பையன். பக்கத்துத் தொட்டில்ல கத்திக் கூப்பாடு போட்டாலும் எழுந்திரிக்க மாட்டான். அப்டியே தூங்குவான்" என்று எல்லோரிடமும் சொன்னாள். அதற்கடுத்த வாரம் செல்லி. அவளும் அதையே சொன்னாள். காதை இழுக்கும் பழக்கம் அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே உண்டு என்று இருவரும் நினைத்தார்கள். ஒரு வாரத்தில் ஒரு பிள்ளையைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்துகொள்ள முடியும்.

காதிலிருந்து சீழ் வந்த பிறகு ஜெயமணியின் புருஷன் வெள்ளைச்சாமி மகனைத் தூக்கிக்கொண்டு ஓசூரில் ஒரு டாக்டரிடம் ஓடினான். அவர் பெங்களூருக்கு அனுப்பினார். அங்கே, ஒரு காதில் சவ்வு போய்விட்டது, மற்றொன்றிலும் கேட்பது குறைவு, முன்னாலேயே கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்னார்கள்.

ஜெயமணி காப்பகத்துக்கு வந்தது பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நேரம். கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தாய்மார்கள் நின்றார்கள்.

"பெங்களூர் டாக்டர் என்னையத் திட்டுறாரு. நீயெல்லாம் ஒரு தாயான்னு கன்னடத்துல கேக்குறாரு, நர்சம்மா அதைத் தமிழ்ல சொல்லுது" என்றாள். குரல் நடுங்கவில்லை. "நான் பகலெல்லாம் மெஷின்ல நிக்கிறேன். சாயங்காலம் தூங்கிக்கிட்டேதான வாறான். பகலெல்லாம் உங்ககிட்டதான இருந்தான்? இங்கன இருக்க ஒருத்திக்குமா கண்ணு இல்ல?"

எல்லோரும் ஷரீஃபுன்னிசாவைப் பார்த்தார்கள். புதிதாகப் பிள்ளை சேர்த்த இரண்டு பெண்களும் பார்த்தார்கள். அவள் யோசித்துச் செய்யவில்லை. வாய் தானாகத் திறந்தது. முகம் தானாகத் திரும்பியது, கொடியில் பிள்ளைகளின் அணைத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இருளாயியின் பக்கம்.

"இருளாயி, தொட்டில் ரூம்ல நீதானே இருந்தே? ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னேனேக்கா."

"எப்போ சொன்னே?"

பதில் தெரியாதவள் கேட்கிற குரலில்தான் கேட்டாள். அத்தனை சுத்தமாகத் தனக்குப் பொய் வரும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

இருளாயி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ சரிபார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதுவே ஒப்புக்கொண்டது போல ஆயிற்று.

"நம்ம பக்கத்து ஆளுன்னு நம்பித்தாண்டி இங்கன கொண்டாந்து விட்டேன்!" என்று ஜெயமணி அவள் முதுகைப் பார்த்துக் கத்தினாள். அப்போதுதான் அழுதாள்.

அவள் பிள்ளையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வேறு இடம் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். இருளாயி அவனைத் தொடக் கூடாது. "சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று ஷரீஃபுன்னிசா ஒப்புக்கொண்டாள்.

இருளாயியும் வேலையை விடவில்லை. விட்டால் அவளுக்கும் வேறு இடம் கிடையாது. வரிசை வீட்டில் அவளோடு யாரும் பேசுவதில்லை என்று செல்லி சொன்னாள். குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைக்கிறார்களாம். வெள்ளைச்சாமி அவள் புருஷனோடு டீ குடிப்பதை நிறுத்திவிட்டானாம். "நான் முதலாளியம்மாகிட்டச் சொன்னேன்" என்று அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "அந்தம்மா ஏன் பொய் சொல்லப் போவுது?" என்று வரிசை மொத்தமும் கேட்டிருக்கிறது. நியாயமான கேள்வி.

ஷரீஃபுன்னிசா புருஷனிடம் சொன்னாள். நசீருதீனுக்கு ராயக்கோட்டை மண்டியில் தக்காளி வியாபாரம். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டான்.

"இதுல என்ன இருக்கு? லோடு அழுகிப்போச்சுன்னா நாங்க லாரிக்காரன் மேல போடுவோம். லாரிக்காரன் கிளீனர் மேல போடுவான்."

"கிளீனர்?"

"அவன் மழை மேல போடுவான். மழையப் போயி யாரு கேக்கறது?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஏங்க, அவ உண்மையிலயே சொன்னா. நான் 'ம்'னு சொன்னேன்."

"சொன்னாத்தான் என்ன? வேணும்னா செஞ்சே? பாகலூர் ரோட்டு வேலை கைக்கு வர்ற நேரம். இப்பப் போயி நாந்தான்னு நின்னா இருக்கற புள்ளைங்களும் போயிடும். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து."

அவள் ஊற்றினாள். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் அது அவளை அரித்தது.

சோலையை அவளே பார்த்துக்கொண்டாள். கேட்கிற காதின் பக்கம் உட்கார்ந்து பேசினாள், அந்தக் காது மேலே இருக்கும்படி படுக்கவைத்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரிப்பான். அவன் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறவன். இருளாயி அந்த வழியாகப் போனால் கையை நீட்டுவான். இருளாயி கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். ஷரீஃபுன்னிசா சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

பாகலூர் ரோட்டுக் கம்பெனியிலிருந்து சென்னகிருஷ்ணன் வந்தார். அங்கே பெர்சனல் ஆபீசர். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தொட்டில்களை, அடுப்படியை, கக்கூஸை எல்லாம் பார்த்தார். திருப்தி என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், ஒரு கம்ப்ளைன்ட் காதுல விழுந்துச்சு. ஏதோ குழந்தைக்குக் காது."

"ஆமா சார்."

"யார் மிஸ்டேக்?"

அவள் டீயை அவர் முன்னால் வைத்தாள்.

"நான் தப்பா கேக்கல. எல்லா இடத்துலயும் ஆகும். எங்க ப்ளாண்ட்ல ஒருத்தனுக்கு விரல் போச்சுன்னாக்கூட ஒரு பேர் எழுதணும். பேர் எழுதி, அந்த ஆளை அனுப்பிட்டா ஃபைல் முடிஞ்சிது. நீங்க அந்த ஆயாவை நிறுத்திட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எம்.டி. கையெழுத்து போட்ருவார்."

"எப்பச் சொல்லணும் சார்?"

"வெள்ளிக்கிழமை வாங்களேன் ஆபீசுக்கு."

அவர் டீயைக் குடித்துவிட்டு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைக்குள் இருளாயியை எப்படி அனுப்புவது என்று ஷரீஃபுன்னிசா நிஜமாகவே யோசித்தாள். வேறு இடத்தில் வேலை பார்த்துக் கொடுத்துவிட்டு அனுப்பலாமா, அவளும் புருஷனும் ஊருக்குப் போக உதவலாமா என்றெல்லாம் யோசித்தாள். நல்ல மனசோடு செய்தால் அதே காரியம் வேறு காரியமாகிவிடும் என்பது போல.

அந்த வாரம் வேறொன்றையும் கவனித்தாள். காப்பகம் அமைதியாக இருந்தது. முன்பெல்லாம் அவள் உள்ளே நுழைந்ததும் முனிலட்சுமி குற்றப்பத்திரிகை வாசிப்பாள். பால்காரன் தண்ணீர் கலக்கிறான், அந்தப் பையன் இந்தப் பையனைக் கடித்துவிட்டான், செல்லி கஞ்சியைத் தீயவிட்டாள். செல்லி பதிலுக்குக் கத்துவாள். இப்போது எதுவும் இல்லை. "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்குதுக்கா" என்று மூன்று பேரும் சொன்னார்கள். இருளாயியும் அதையே சொன்னாள். வேலை ஒழுங்காக நடக்கிறது என்று ஷரீஃபுன்னிசா முதலில் நினைத்தாள்.

வியாழக்கிழமை தொட்டில் அறையில் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே தொங்கவேண்டிய தொட்டிலைச் செல்லி சன்னல் ஓரத்துக் கொக்கியில் மாட்டியிருந்தாள். இரண்டு தொட்டில்கள் இடித்துக்கொண்டு ஆடின.

"இது ஏன் இங்க நெருக்கிக்கினு இருக்கு?" என்று கேட்டபடி ஷரீஃபுன்னிசா நடுக்கொக்கியில் தொங்கிய கயிற்றைப் பிடித்துச் சாதாரணமாக இழுத்தாள். மேலிருந்து காரை உதிர்ந்தது. கொக்கி கழன்று அவள் தோளில் பட்டுத் தரையில் விழுந்தது.

தொட்டிலில் இருந்த பிள்ளைகள் சத்தத்தில் வீறிட்டன. சோலை மட்டும் தூங்கினான்.

"எத்தினி நாளா ஆடுது இது?"

முனிலட்சுமி வாசலில் வந்து நின்றாள்.

"கேக்கறேன்ல? எத்தினி நாளா?"

"போன வாரத்துலருந்துக்கா" என்றாள் செல்லி.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல? ஒரு புள்ள விழுந்து செத்திருந்தா?"

"அதான் தொட்டில மாத்திப்புட்டனே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

செல்லி தரையைப் பார்த்தாள். அவள் துடுக்குக்காரி இல்லை. பயத்தில்தான் அது வந்தது.

"சொன்னா, அப்பறம் எப்போ சொன்னேன்னு கேப்பீங்கக்கா."

முனிலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை, ஓடிப்போய்விட்டாள். அடுப்படியில் அவளை இருளாயி ஏதோ சொல்லி அடக்குவது கேட்டது.

ஷரீஃபுன்னிசா கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் இன்னும் என்னென்ன ஆடிக்கொண்டிருக்கிறது என்று யோசித்தாள். சுற்றிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தன. கம்பெனியில் அந்தச் சூப்பர்வைசர் வரும்போதெல்லாம் வரிசையே தலையைக் குனிந்துகொள்ளும். ஒரு மெஷினில் கரன்ட் கசிவது பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, அவனுக்கு மட்டும் தெரியாது. அவளும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும் என்று அப்போது நினைத்தது நன்றாக ஞாபகம் வந்தது.

இருளாயியின் பேரைக் காப்பாற்றத்தான் அவள் அன்று உண்மையைச் சொன்னாள் என்றால் அவளுக்குப் பெருமையாக இருக்கும். அது மட்டும் இல்லை. பயந்துபோய்ச் சொன்னாள். யாரும் எதுவும் சொல்லாத வீட்டில் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்று சாயங்காலம் டவுன் பஸ் வந்து, தாய்மார்கள் கேட்டில் கூடினார்கள். ஜெயமணி வந்தாள். ஷரீஃபுன்னிசா மூன்று ஆயாக்களையும் வெளியே கூப்பிட்டாள். இருளாயி வரவில்லை. "நீயும் வா" என்று மறுபடி கூப்பிட்டாள். கதவோரம் வந்து நின்றாள்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. சோலை விஷயம்." "இருளாயி என்கிட்டச் சொன்னா. காது கேக்கல, காதை இழுக்கறான், ஜெயமணிகிட்டச் சொல்லிடவான்னு கேட்டா. நாந்தான் வேணாம்னேன். நான் சொல்றேன்னேன். சொல்லல."

கூட்டத்தில் யாரோ "ஆ" என்றார்கள். ஜெயமணி முதலில் புரியாதவள் போல இருந்தாள்.

"என்ன சொல்றீக? இவ சொன்னாளா?"

"சொன்னா."

"உங்ககிட்டயா?"

"என்கிட்டதான். திங்கக்கிழமை திரும்பியும் கேட்டா, ஜெயமணிகிட்டச் சொல்லிட்டீங்களான்னு. சொல்லிட்டேன்ற மாதிரி 'ம்'னேன்."

"அன்னைக்கு நான் வந்து கத்துனப்ப, எல்லாரு முன்னாடியும் எப்போ சொன்னேன்னு கேட்ட."

"ஆமா."

மரியாதை போய்விட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

"எம்புள்ள காது போனதுகூட விதின்னு வச்சுக்கிருவேன்" என்றாள் ஜெயமணி. "நான் இவளக் குழாயடியில என்னென்ன பேசுனேன் தெரியுமா? நாக்கு அழுகிப் போற பேச்சு பேசுனேன். அதை நீ பேச வச்ச."

ஷரீஃபுன்னிசா அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஜெயமணி அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவோரம் நின்ற இருளாயியின் முன்னால் போய் நின்று "ஏத்தா..." என்றாள்.

"அவனுக்கு வேர்த்திருக்கு. தலையைத் துடைச்சிட்டுத் தூக்கு" என்றாள் இருளாயி.

மறுநாள் ஷரீஃபுன்னிசா சென்னகிருஷ்ணனிடமும் போய்ச் சொன்னாள். அவர் பேனாவை மூடினார். "இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் மேடம். ஆயான்னா மாத்திக்கலாம். ஓனரே மிஸ்டேக்னா நான் என்னன்னு எழுதறது?" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். கம்பெனிக் கட்டடம் வேறு யாருக்கோ போயிற்று. நசீருதீன் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தக்காளி விலை ஏறியதால் பேசினான்.

ஜெயமணி பிள்ளையை நிறுத்தினாள். இருளாயியும் நின்றுகொண்டாள். வரிசை வீட்டிலேயே சோலையையும் அந்த வரிசையின் வேறு சில பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். பேகம் செய்தது போலத்தான். இந்த முறை ஷரீஃபுன்னிசாவுக்குக் கோபப்பட ஆளில்லை.

மிச்சமிருந்த பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தாள். பாதி செல்லிக்கு, பாதி முனிலட்சுமிக்கு, மாற்றம் கிடையாது. சமையலைத் தானே எடுத்துக்கொண்டாள். கேட்டில் பேசுங்கள் என்று சொன்னாள். அவர்கள் பேசவில்லை. தாய் வந்தால் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஓரக்கண்ணால் இவளைப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். சட்டத்தை எடுப்பது போடுவது போல அத்தனை லேசாக இல்லை. "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்பதை நிறுத்தினாள். "இன்னிக்கு எது நல்லா இல்ல?" என்று கேட்டுப் பார்த்தாள். செல்லி முழித்தாள். "ஒன்னும் இல்லீங்கக்கா" என்றாள். மரியாதை கூடியிருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை.

ஒரு மத்தியானம் இருளாயியைத் தேடி வரிசை வீட்டுக்குப் போனாள். பண்ணைப் பக்கமிருந்து வெக்கையோடு சாண வாடை வந்தது. குழாயடியில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். முன்பு இருளாயியைப் பார்த்த அதே பார்வையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

இருளாயி வாசற்படியில் உட்கார்ந்து மடியில் ஒரு பிள்ளையை நிமிர்த்தி வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சோலை அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஷரீஃபுன்னிசாவைப் பார்த்துச் சிரித்தான்.

இருளாயி எழுந்திருக்கவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தீகளா, வேலைக்கு ஆளு கேக்க வந்தீகளா?"

ஷரீஃபுன்னிசா வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பேச்சு கலைந்துபோயிற்று.

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டையும் ஒரே நாள்ல கேக்காதீக. ஒன்னுக்கு ஒன்னு விலை மாதிரி ஆயிரும்."

பக்கத்து வீட்டுச் சன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இருளாயி சிரிக்கவில்லை. பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

"அப்ப ஆளு கேக்கல" என்றாள் ஷரீஃபுன்னிசா.

"சரி. கேளுக."

கேட்டாள். நின்றபடியே, வெயிலில், குழாயடிக்குக் கேட்கிற குரலில் கேட்டாள். முழுதாக ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக வரவில்லை. இருளாயி பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே கேட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்க்கவும் முடியாது. கஞ்சி தீர்ந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டிலைத் தொட்டில்ல படுக்கப்போட்டுக் குடுக்குறாளுக. துணியச் சுருட்டி முட்டுக்குடுத்து வச்சுட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிருறாளுக. பாலு வழிஞ்சு காதுக்குத்தான் போகுது. நிமித்தி வச்சுத்தான் குடுக்கணும்னு சொல்லுக."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். கொக்கி விழுறதுக்கு முந்தியே பாத்தேன்."

"அப்ப ஏன்..." என்று தொடங்கி ஷரீஃபுன்னிசா நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லக் கூடாதுன்னே சொல்லல" என்றாள் இருளாயி. "அம்புட்டுக் கோவம். பிள்ளைகளுக்குத்தான் கேடுன்னு தெரியும். தெரிஞ்சும் இருந்தேன்." முதல் தடவையாக அவள் பார்வை தாழ்ந்தது. "எனக்கும் அது உறுத்துது."

ஷரீஃபுன்னிசாவுக்கு உடனே ஓட வேண்டும் போல இருந்தது. காப்பகத்தில் பால் கொடுக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"வேற எதையெல்லாம் சொல்லாம வச்சிருக்க?"

இருளாயி மடியில் இருந்த பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, படியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"உக்காருக. நெறைய இருக்கு."